நார்மனுக்குப் பின்னால் ஒருவர்

டத்தாரான் மெர்டேக்கா எதிரிலுள்ள சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 'யாரு கட்டுனது?' என்றால், செந்தூலில் நாங்கள் படித்த பதில் ஏ.சி. நார்மன். அவர் பொதுப்பணித்துறை அதிகாரி. முகலாயச் சாயலில் வரைபடத்தை மாற்றி வரைந்தது அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆர்.ஏ.ஜே. பிட்வெல்.

1897இல் கட்டடம் முடியும் முன்பே பிட்வெல் சிங்கப்பூர் போய்விட்டார். ஸ்வான், மெக்லாரன் என்ற இரு பொறியாளர்கள் 1892இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். ராஃபிள்ஸ் ஹோட்டலின் 1899ஆம் ஆண்டு பிரதானக் கட்டடம் அவர் வரைந்ததே. ஆனால் நிறுவனத்தின் பெயர் இன்றுவரை ஸ்வான் அண்ட் மெக்லாரன்தான்.

அங்கே மேலதிகாரி பெயர், இங்கே முதலாளிகள் பெயர். பிட்வெல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. செங்கல் அறுத்தவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸ் என்ற ஊர்ப்பெயராவது மிஞ்சியது.