தராசு யார் கையில்?

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். கோத்த கைகளின் மேல் ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். ஒரு விரலை அழுத்தினால் ஒரு கணக்கு, இரண்டு விரலைப் பிடித்தால் வேறு கணக்கு. மாட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே தேமே என்று நிற்பார். தீனி போட்டுக் குளிப்பாட்டி வளர்த்த மாடு என்ன விலைக்குப் போகிறது என்பது துண்டு விலகின பிறகுதான் அவருக்கே தெரியும்!

மாடு மட்டுமல்ல... பருத்தி, தானியம் எல்லாமே இந்தியாவின் பல மண்டிகளில் ஒரு காலத்தில் இப்படித் துண்டுக்கு அடியில்தான் விலை போயின. விளைவித்தவனுக்கு விலை தெரியாது. எடை போடுகிற தராசும் அவனுடையது அல்ல. கமிஷன், எடைக்கூலி, சாம்பிள், தர்மக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். வாங்கி முடிந்துகொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இந்தத் துண்டை முதலில் விலக்க முயன்றது யார் தெரியுமா? வெள்ளைக்காரன்! உழவன் மேல் இரக்கப்பட்டா என்றால், அதுதான் இல்லை.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கப் பருத்தி நின்றுபோனது. ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. நிஜாமிடமிருந்து 1853-லேயே ஆங்கிலேயர் நிர்வாகத்துக்கு வந்துவிட்ட பெராரில் (இன்றைய விதர்பாவின் ஒரு பகுதி) கரிசல் மண். பருத்தி செழித்து விளையும். உடனே அங்கே ரயில் பாதை நீண்டது. காம்காவ் என்ற பருத்திச் சந்தை ஊருக்குக் கிளைப் பாதை போட்டு, 1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவே நேரில் வந்து திறந்துவைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல பருத்தி சரியான எடையில் வேண்டுமானால் சந்தை ஒழுங்காக இருக்க வேண்டும். 1897-ல் 'பெரார் பருத்தி மற்றும் தானியச் சந்தைச் சட்டம்' வந்தது. சந்தைக்கு ஒரு கமிட்டி, தரகருக்கும் எடை போடுபவருக்கும் லைசென்ஸ். இந்தியாவில் இந்த வகையில் முன்னோடிச் சட்டம் அதுதான்.

சட்டத்தின் பெயரில் தானியமும் இருந்தது. ஆனால், அக்கறை முழுக்கப் பருத்தி மேல்தான். அடுத்த மூன்றே வருஷத்தில் அதன் லட்சணம் தெரிந்துபோனது. 1899-1900 பெரும் பஞ்சத்தில் பெரார் ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்கள். பருத்திக்குச் சந்தை இருந்தது, சட்டம் இருந்தது, ரயில் இருந்தது. அதை விளைவித்தவன் வயிற்றுக்குத்தான் வழியில்லை.

நம் ஊர்க் கதையும் இதே பாதையில்தான் போகிறது. லின்லித்கோ பிரபு தலைமையிலான ராயல் விவசாயக் கமிஷன் 1928-ல் அறிக்கை கொடுத்தது. தராசில் நடக்கும் மோசடிகளை எல்லாம் எடுத்துச் சொல்லி, எல்லா மாகாணங்களிலும் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. சென்னை மாகாணம் 1933-ல் சட்டம் போட்டது. அதன் பெயரைக் கவனியுங்கள்... 'வணிகப் பயிர்கள்' சந்தைச் சட்டம். அதன்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் திருப்பூரில் வந்தது. எதற்காக? அங்கேயும் பருத்திக்காக!

அப்படியானால் கத்திரிக்காய்க்கு? தக்காளிக்கு? கீரைக்கட்டுக்கு?

யாரும் கவலைப்படவில்லை. பருத்தி மூட்டையைக் கிடங்கில் போட்டுப் பத்து நாள் பொறுக்கலாம். தக்காளி பொறுக்காது. இன்றைக்குப் பறித்ததை இன்றைக்கே தள்ளியாக வேண்டும். 'இந்த விலைக்குக் குடுக்கிறியா, இல்ல திருப்பித் தூக்கிட்டுப் போறியா?' என்று மண்டியில் கேட்டால், தூக்கிக்கொண்டு போக வண்டிச் சத்தத்துக்குக் காசு வேண்டுமே! விலை விழுந்தால் கூடையோடு ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நாளில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டவுனில் ஒரு குடும்பத் தலைவி, 'தக்காளி என்ன இந்த விலை விக்குது!' என்று கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டாள். கொட்டுகிறவருக்கும் குறைத்துக்கொள்கிறவருக்கும் நடுவே ஒரு பஸ் பிரயாணம்தான் தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் இத்தனை வருஷம் ஆனது.

1987-ல் பஞ்சாபில் ஒரு முயற்சி தொடங்கியது. 'அப்னி மண்டி'. அதாவது, நம்ம சந்தை. விவசாயியே நேராகக் கொண்டுவந்து நகரத்து ஜனங்களுக்கு விற்கலாம். 1999 ஜனவரி 26-ல் ஆந்திராவில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே வருஷம் நவம்பர் 14-ம் தேதி, மதுரை அண்ணா நகரில் முதல் 'உழவர் சந்தை'யைத் திறந்துவைத்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததாகச் சங்க இலக்கியம் சொல்லும் அதே மதுரையில்!

ஏற்பாடு எளிமையானது. நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் நேரில் பார்த்து, விவசாயிக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசு இலவசம். மூட்டை முடிச்சோடு அதிகாலையில் வந்து சேர பஸ் வசதி. விலையை யாரும் துண்டுக்கு அடியில் பேசுவதில்லை. காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவிகிதம் கூட, வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவிகிதம் கம்மி என்பதுதான் கணக்கு. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம்.

ஒன்றரை வருஷத்துக்குள் தமிழகம் முழுக்க நூறு உழவர் சந்தைகள் முளைத்துவிட்டன. 2001-ல் ஆட்சி மாறியது. கவனிப்பு குறைந்தது. பல சந்தைகள் களையிழந்தன. 2006-ல் மறுபடி ஆட்சி மாற, மறுபடி உயிர் வந்தது. 2013-ல் அ.தி.மு.க. அரசு 'பண்ணை பசுமை' காய்கறிக் கடைகளைக் கூட்டுறவு மூலம் திறந்தது. பெயர்ப் பலகை மாறலாம், பிரச்னை அதேதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்றைக்குத் தமிழகத்தில் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. லாரி லோடாகத் தக்காளி எடுப்பவர் கிலோ கிலோவாக உட்கார்ந்து விற்க முடியாது. அவர் இன்றும் மண்டியைத்தான் நம்பியிருக்கிறார். சந்தையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு காலையும் காட்டில் ஒரு வேலை நின்றுபோகிறது. அட்டையை வாங்கிக்கொண்டு வியாபாரியே விவசாயி வேஷம் போடுகிறார் என்ற புகாரும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. உழவர் சந்தை, ஏழெட்டுக் கூடைக் காய் வைத்திருக்கிற சின்ன விவசாயிக்கான இடம். அவருக்குத்தான் அது பெரிய வாசல்.

அந்த வாசலில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். சுருக்குப் பையை இடுப்பில் செருகிய ஒரு அம்மா, வெண்டைக்காயைத் தட்டில் அள்ளிப் போடுவார். முள் சரியாக நிற்கும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'பிஞ்சா இருக்கு, சேத்து வெச்சுக்க கண்ணு' என்று இன்னும் நாலு காயை எடுத்துப் போடுவார்.

மண்டித் தராசில் 'சாம்பிள்' என்று பிடுங்கப்பட்டதும் நாலு காய்தான். ஆனால், அது வேறு... தன் கையாலேயே அள்ளிப் போடுகிற இந்த நாலு காய் வேறு!