புகார் மேசையிலிருந்து கண்டல் காடு வரை: பினாங்கின் சுற்றுச்சூழல் பணி வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் சுற்றுச்சூழல் பணிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 2009ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் திங்கட்கிழமைகளில் கடைகள் இலவச நெகிழிப்பை வழங்குவதில்லை என்னும் நடைமுறை அங்கு அறிமுகமாயிற்று. 2011 ஜனவரி முதல் நாள் தொட்டு அது வாரத்தின் எல்லா நாள்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பை வேண்டுவோர் 20 காசு செலுத்தினர். அத்தொகை வறியோர் உதவிக்கெனத் திரட்டப்பட்டது. மலேசியாவில் இம்முயற்சியை முதலில் மேற்கொண்ட மாநிலம் என்னும் பெருமை பினாங்குக்கு உண்டு. வணிகரும் பள்ளிகளும் தொண்டு அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து சுற்றுச்சூழலைப் பேணும் மாநிலம் என்னும் நற்பெயரும் அதனோடு நிலைபெற்றது.

இந்நற்பெயருக்கு அடித்தளமான வரலாறு அதற்கும் நாற்பது ஆண்டுகள் மூத்தது. அது இயற்கை எழிலைப் போற்றுவதில் தொடங்கவில்லை; பாதிக்கப்பட்ட மக்கள் சொன்ன குறைகளில் தொடங்கிற்று. அத்தொடக்கத்தைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், இன்றைய பணிகள் அதனோடு எவ்வளவு தொடர்பு கொண்டுள்ளன என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றில் தமிழருக்கும் தமிழ் மொழிக்கும் உள்ள பங்கு நம் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதும் இதனை எழுதத் தூண்டிய காரணமாகும்.

புகார் மேசை

1960களின் இறுதி பினாங்குக்கு நெருக்கடியான காலம். தீவின் வாணிகத்துக்கு ஆதாரமாயிருந்த தீர்வையற்ற துறைமுகத் தகுதி பறிபோயிற்று; வேலையின்மை பெருகிற்று. அதற்கு மாற்றாகத் தொழில்மயமே வழி என மாநில அரசு முடிவு செய்தது. 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தீர்வையற்ற தொழில் வட்டாரம் உருவாயிற்று. பெருநிலப்பகுதியில் பிறைத் தொழிற்பேட்டை விரிவடைந்தது. வேலைவாய்ப்பு வந்தது, அதனோடு கழிவும் வந்தது.

இதே 1969ஆம் ஆண்டில்தான் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றிற்று. தமிழ்நாட்டில் பிறந்து இளமையிலேயே பினாங்குக்கு வந்தவரும் வணிகருமான எஸ்.எம். முகமது இட்ரிஸ் நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தார். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மறையும் வரை அப்பொறுப்பு தொடர்ந்தது. சங்கத்தின் முதன்மைப் பணி பொதுமக்களின் புகார்களைப் பெற்று ஆவன செய்வது. கெட்டுப்போன உணவு, கலப்படம், குறைபாடுள்ள பொருள், மிகுவிலை முதலிய அன்றாடக் குறைகளே அம்மேசைக்கு வந்தன.

இங்கு ஒரு சொல்லாட்சி கருதத்தக்கது. தமிழ்நாட்டில் ‘நுகர்வோர்’ எனப்படுபவரை மலேசியத் தமிழர் ‘பயனீட்டாளர்’ என்கின்றனர். நுகர்தல் துய்ப்பதைக் குறிக்க, பயனீடு என்பது ஒன்றைப் பயன்கொள்ளும் உரிமையையும் உள்ளடக்கி நிற்கிறது. பினாங்குச் சங்கம் அச்சொல்லை அந்த விரிந்த பொருளிலேயே எடுத்துக்கொண்டது எனலாம். கடையில் வாங்கும் பொருளுக்கு மட்டுமன்றி, காசு கொடுத்து வாங்காத ஆற்றுநீருக்கும் காற்றுக்கும் கடலுக்கும் மக்களே பயனீட்டாளர்; அவை கெடும்போது புகார் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு என்னும் கருத்து இதிலிருந்து பிறந்தது. மேசைக்கு வந்த ஒரு மீனவக் கிராமத்தின் குறை அதற்கு வழிவகுத்தது.

கோலா ஜூரு

செபராங் பிறையில் ஜூரு ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள சிற்றூர் கோலா ஜூரு. அதன் அண்மையில் பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்தது. தொழிற்சாலைக் கழிவுநீர் ஆற்றில் கலக்க, 1970களின் முற்பகுதியில் மீன்வளம் குன்றிற்று. ஆற்றையும் கழிமுகத்தையும் நம்பி வாழ்ந்த மலாய் மீனவர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. அவர்கள் பயனீட்டாளர் சங்கத்தை நாடினர். சங்கத்தினர் கிராமத்துக்குச் சென்று நிலைமையை ஆராய்ந்தனர். 1976இல் இவ்வூரின் வாழ்வுப் போராட்டத்தை நூலாகவும் வெளியிட்டனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மீனவர்கள் இரங்கத்தக்கோராக மட்டும் இருந்துவிடவில்லை. அவர்கள் கூட்டாகச் சேற்றுநிலத்தில் கெராங் என்னும் சிப்பி வளர்ப்பைத் தொடங்கிக் கூட்டுறவு முறையில் அதனை நடத்தினர். இரண்டாவது, ‘ஆற்றைக் காப்போம்’ என்னும் முழக்கத்துக்கு முன்னரே ‘இழப்பு யாருடையது? ஆதாயம் யாருடையது?’ என்னும் கேள்வி அங்கு எழுந்தது. 1974இல் நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியிருந்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் அது ஆற்றங்கரையை எட்டுவதற்கும் இடையிலுள்ள தொலைவை இக்கிராமம் உணர்த்திற்று.

இத்தகைய பணிகளுக்கெனத் தனியமைப்பு வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவாக 1977இல் சஹாபாட் ஆலாம் மலேசியா தோன்றிற்று. 1984இல் பினாங்கில் நடந்த அனைத்துலக மாநாட்டையொட்டி மூன்றாம் உலக வலையமைப்பும் உருவாயிற்று. ஒரு புகார் மேசையிலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் உலக அரங்கில் பேசும் அமைப்புகள் எழுந்தமை வியப்புக்குரியதே.

தோட்டப்புறத்தின் குறை

இவ்வனைத்துலகத் தொடர்பு தமிழர் வாழ்வையும் நேரடியாகத் தொட்டது. பூச்சிக்கொல்லிக்கு எதிரான அனைத்துலகச் செயற்பாட்டு வலையமைப்பு 1982இல் பினாங்கில் தொடங்கப்பட்டது. அதன் ஆசிய பசிபிக் அலுவலகம் இங்கிருந்தே இயங்கி வருகிறது. தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களுள் பெரும் பகுதியினர் தமிழ்ப் பெண்கள். பாராகுவாட் என்னும் நச்சு மருந்தால் அவர்களுக்கு நகம் பழுத்தது; மூக்கில் குருதி வடிந்தது; பார்வை மங்கியது. இவ்வலையமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகமும், ஐரின் பெர்னாண்டஸ் தோற்றுவித்த தெனாகனித்தா அமைப்பும் இணைந்து, தோட்டத் தொழிலாளரின் நச்சுப் பாதிப்பு பற்றிய ஆய்வொன்றை 2002இல் வெளியிட்டன. அவ்வாண்டே அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. முடிவுக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. இடைப்பட்ட காலத்தில் மருந்து தெளித்தவர்களின் உடல்நலமே அத்தாமதத்தின் விலை.

தோட்ட வரலாற்றை நாம் ஊதியம், குடியுரிமை, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் வழியே எழுதிப் பழகியுள்ளோம். அதனை ஒரு சுற்றுச்சூழல் வரலாறாகவும் எழுத இடமுண்டு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மலையும் நகரும்

1990இல் பினாங்குக் கொடிமலையில் தங்குவிடுதிகளும் கேளிக்கைப் பூங்காவும் குழிப்பந்தாட்டத் திடலும் அமைக்கும் பெருந்திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. பயனீட்டாளர் சங்கம், சஹாபாட் ஆலாம், மலேசிய இயற்கைக் கழகம், பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை முதலியன ‘பினாங்குக் கொடிமலையின் நண்பர்கள்’ என்னும் பெயரில் ஒன்றுகூடின. அதற்கு ஈராண்டு முன்னர், 1988இல், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருந்தது இவர்களுக்குக் கைகொடுத்தது. மதிப்பீட்டு அறிக்கையை வரிவரியாக ஆய்ந்து மறுத்தனர். 1991இல் அவ்வறிக்கை ஏற்கப்படவில்லை; திட்டமும் கைவிடப்பட்டது. அம்மலையும் அதனைச் சூழ்ந்த காடும் கடலோரமும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. அன்று எதிர்த்தவர் இல்லையெனில் இன்று இப்பெருமைக்கு இடமிருந்திருக்காது.

கண்டல் காடு

தொண்டு அமைப்புகளும் வணிக நிறுவனங்களும் பள்ளிகளும் உண்மையாகவே ஒன்றுசேர்ந்த களமாக நாம் சுட்ட விரும்புவது தென்செபராங் பிறையின் கண்டல் காடாகும். இறால் பண்ணைகளுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் கடலோரக் கண்டல் அழிக்கப்பட்டபோது தங்கள் வலையில் விழும் மீனும் நண்டும் குறைவதைக் கரையோர மீனவர்கள் கண்டனர். கண்டல் வேர்களே மீன்குஞ்சுகளின் தொட்டில் என்பதை அவர்கள் நூல்களில் படித்தறியவில்லை, தொழிலில் அறிந்திருந்தனர். 1994இல் அவர்கள் பினாங்குக் கரையோர மீனவர் நல்வாழ்வுச் சங்கத்தை அமைத்தனர். 1997 முதல் தாங்களே கண்டல் கன்றுகளை நட்டு வருகின்றனர். சஹாபாட் ஆலாம் அவர்களுக்குத் துணைநின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் 52 பேர் பினாங்கைச் சேர்ந்தோர். கடலோரக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்னும் உண்மை அதன்பின் பரவலாக உணரப்பட்டது. அரசும் தனியார் நிறுவனங்களும் மீனவரை நாடின. நிபோங் திபாலுக்கு அருகில் மீனவர் நடத்தும் கண்டல் கல்வி மையத்துக்கு மாணவரும் ஊழியரும் வந்து கன்று நட்டுச் செல்கின்றனர். இங்கு ஆசிரியர் மீனவர். வணிக நிறுவனம் துணைவர். பள்ளி மாணவர் கற்போர். பிற இடங்களில் காணப்படும் வரிசை இங்கு மாறியிருக்கிறது. முயற்சி கால் நூற்றாண்டுக்கு மேல் நீடிப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறோம். நிழற்படத்துக்காக நடப்படும் கன்றைப் பின்னர் யாரும் சென்று பார்ப்பதில்லை. தன் பிழைப்புக்காக நட்டவர் மறுநாளும் சென்று பார்ப்பார்.

நெகிழிப்பையும் துறைமுகமும்

இனி முன்னுரையில் குறிப்பிட்ட நெகிழிப்பைக்கு மீள்வோம். இத்திட்டத்தின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சந்தைக்குத் துணிப்பை கொண்டு செல்லும் பழக்கம் ஒரு தலைமுறையிடம் மீண்டும் வேரூன்றியது. 2016 ஜூன் முதல் வீட்டுக் குப்பையை மூலத்திலேயே பிரிக்கும் முறையும் நடப்புக்கு வந்தது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் மாணவர் மறுபயனீடு என்னும் சொல்லை இன்று இயல்பாக வழங்குகின்றனர்.

ஆயினும் 2018இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபின், வளர்ந்த நாடுகளின் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பிற்று. 2020 ஜனவரியில் அரசு 150 கொள்கலன்களை, ஏறத்தாழ 3,737 டன் நெகிழிக் கழிவை, பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட 13 நாடுகளுக்குத் திருப்பியனுப்பியதாக அறிவித்தது. அமைச்சர் அதனை அறிவித்த இடம் பட்டர்வொர்த். கடைவாயிலில் ஒரு பைக்கு 20 காசு கேட்ட மாநிலத்தின் துறைமுக வாயிலில் அயலார் குப்பை கப்பல் கப்பலாக வந்திறங்கியிருந்தது.

தனிமனிதப் பழக்கத்தைத் திருத்துவது மட்டுமே சுற்றுச்சூழல் பணியாகிவிட்டால் இத்தகைய முரண்பாடு கண்ணில் படாது. ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்பது இன்றைய பசுமைத் திட்டங்களின் கேள்வி. ‘இழப்பு யாருடையது?’ என்பது கோலா ஜூருவின் கேள்வி. முன்னது கடமையைக் கற்பிக்கிறது; பின்னது நீதியைக் கேட்கிறது. இரண்டும் வேண்டும். பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்த்துத் தீவமைக்கும் திட்டமும் பின்னதன் தேவையை நினைவூட்டுகிறது. மூன்று தீவுகளாகத் திட்டமிடப்பட்டு 2023இல் ஒன்றாகச் சுருக்கப்பட்டபோதிலும் தூர்க்கும் பணி அவ்வாண்டே தொடங்கிற்று. அதனை முதலில் எதிர்த்து நின்றவர்கள் கரையோர மீனவர்களே.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பினாங்கின் சுற்றுச்சூழல் பணி, பாதிக்கப்பட்டோர் தம் குறையைத் தாமே சொன்ன இடங்களில் வேர்பிடித்தது என்பது தெளிவாகிறது. வணிகரும் பள்ளிகளும் இதில் பின்னர் இணைந்தவர்கள். அவர்களின் பங்கு சிறக்க வேண்டுமாயின் இம்முன்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பணி உண்டு. பயனீட்டாளர் சங்கம் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் நெடுங்காலமாக வெளியீடுகளைக் கொணர்ந்துள்ளது. அவற்றைத் திரட்டிப் பேணுவதும் மொழியாட்சி நோக்கில் ஆராய்வதும் நம் துறைகளின் கடனாகும். மெல்லிய தாளில் அச்சான அவ்வெளியீடுகள் நெடுநாள் காத்திரா. மேலும், நெய்தல் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் கண்டல் என்னும் கருப்பொருளைச் சொற்பொருள் விளக்கத்தோடு கடந்துவிடுதல் வழக்கமாயுள்ளது. அக்கண்டல் நம் கரையில் இன்றும் நிற்கிறது. அதனை நட்டவரும் அங்கு உள்ளனர். மாணவரை ஒருநாள் அங்கு அழைத்துச் சென்று அம்மீனவர் சொல்வதைக் கேட்கச் செய்தால் இலக்கியப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒருங்கே நிறைவுறும்.