டயானா: வெள்ளிக்கு வந்த பெயர்

உரோமரின் வேட்டைத் தெய்வம் டயானா, இலத்தீனில் தியானா. அப்பெயரின் பழைய வடிவம் ‘தீவியானா’ என்று உரோம அறிஞர் வர்ரோ குறிக்கிறார். வேர், ஒளியையும் வானத்தையும் சுட்டும் ‘திவ்’. பகலைக் குறிக்கும் ‘தியெஸ்’, கடவுளைக் குறிக்கும் ‘தெயுஸ்’ ஆகிய இலத்தீன் சொற்கள் அதில் கிளைத்தவை. வடமொழியின் ‘தேவ’, ‘திவ்ய’ அவற்றின் உறவு. அவ்வழியே தேவன், திவ்வியம் என்று தமிழுக்கும் வந்தன. இரவைப் பகலாக்குபவள் என்பதால் இப்பெயர் என்றார் உரோமப் பேச்சாளர் சிசெரோ. அது கவித்துவமான விளக்கம். ஆனாலும் ஒளியை அவர் சரியாகவே பிடித்தார்.

கிரேக்க ஆர்ட்டெமிஸின் கதைகளை உரோமர் இவள்மேல் ஏற்றினர், நிலவும் இவளுடையதாயிற்று. ரசவாதிகள் ஏழு உலோகங்களை ஏழு கோள்களுக்குப் பங்கிட்டபோது வெள்ளி நிலவுக்குப் போக, டயானா வெள்ளியின் மறைபெயரானாள். (தமிழில் வெள்ளி என்பது உலோகம், சுக்கிரன் இரண்டுக்கும் பெயர், வெண்மையே வேர்.)

ரசவாதிகளை ஆதரித்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் பிராகா நகரில் பணிபுரிந்த வெள்ளித் தட்டார் பவுலஸ் வான் வியானென். பரோக் கலை தலையெடுத்த காலத்தில், 1613இல், கைகழுவும் வெள்ளித் தாம்பாளம் ஒன்றையும் அதற்கான கெண்டியையும் செய்தார். இன்று அவை ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. தாம்பாளத்தில் புடைத்தெழுவது வேடன் அக்டியோனின் கதை. நீராடும் டயானாவை அவன் பார்த்துவிடுகிறான். அவள் அள்ளி வீசியது அம்பன்று, தண்ணீர். முகத்தில் பட்டதும் கொம்பு முளைத்து மானாகிறான். அவன் வளர்த்த நாய்களே அவனைக் கிழிக்கின்றன. நீர் விழவேண்டிய பாத்திரத்தில் நீரே ஆயுதமான கதை! பாத்திரத்தின் தொழிலும் புராணமும் உலோகத்தின் மறைபெயரும் இப்படி ஒன்றிய இன்னொரு படைப்பை நான் அறியேன்.

அதே காலத்தில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தட்டார்கள் மான்மேல் அமர்ந்த டயானாவை வெள்ளியில் வார்த்து முலாம் பூசினார்கள். அடியில் சுருள்வில் பொறி. சாவி கொடுத்தால் மேசைமேல் உருண்டோடும். யார் முன் நிற்கிறதோ அவர் மானின் தலையைக் கழற்றி உள்ளிருக்கும் மதுவைக் குடிக்க வேண்டும். டிரெஸ்டனில் பொற்கொல்லர் டிங்ளிங்கர் 1704இல் முடித்த ‘டயானாவின் குளியல்’ இன்னும் கொடியது: அவள் நீராடும் கல் கிண்ணத்தையே அக்டியோனின் கொம்புகள் தாங்குகின்றன.

அந்தப் பெயர் வேதியியலுக்குள்ளும் நுழைந்தது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் பாதரசத்தை இட்டால், கரைந்திருந்த வெள்ளி படிகமாகிக் கிளைகிளையாக வளரும். அதற்கு ரசவாதிகள் இட்ட பெயர் ‘டயானாவின் மரம்’.