முள்ளிவாய்க்கால் கஞ்சி: சேர்க்காமல் விட்டவையே அதன் செய்முறை

எங்கள் வீடுகளில் காலைக் கஞ்சி என்றால் அதில் சேர்ப்பதற்குப் பல உண்டு. சிவப்புப் பச்சையரிசியோடு வறுத்த பயறு, முருங்கையிலை அல்லது வல்லாரை, இறக்கும்போது தேங்காய்ப்பால், கொஞ்சம் தேசிப்புளி, கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. வயலுக்கும் பாடசாலைக்கும் போகிறவர்களை மதியம் வரை தாங்கும் உணவு அது.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வடக்கு கிழக்கில் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியில் இவை எதுவும் இல்லை. அரிசி, தண்ணீர், உப்பு. அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆனது?

2009 பெப்ரவரியில் வன்னியில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசாங்கம் சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களுக்குள் கொண்டுசெல்லப்பட்டவர்கள் மட்டுமே ஏறத்தாழ 3 இலட்சம் பேர். கடல்வழியாக வந்த உணவு அந்தக் குறைந்த கணக்குக்கே அனுப்பப்பட்டது. அதுவும் ஒழுங்காக வந்து சேரவில்லை. தேங்காய், சீனி, பால்மா, மரக்கறி எல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போயின.

மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரையில் தறப்பாள் கொட்டில்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் இடையில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத் தொண்டர்களும் மற்றவர்களும் கிடாரங்களில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். வரிசை நீள நீளத் தண்ணீரின் அளவு கூடியது. பலருக்கு அன்றைய நாளின் ஒரே உணவு அது. அந்த வரிசையும் பாதுகாப்பாக இருக்கவில்லை. உணவு வழங்கிய வரிசைகள் மீது அரச படைகள் எறிகணை வீசியதாக ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் வெளியான தன் அறிக்கையில் குறிப்பிட்டது.

காய்ச்சும் முறை (6 பேருக்கு)

சிவப்புப் பச்சையரிசி 1 கப், தண்ணீர் 10 கப், தேவையான அளவு உப்பு.

அரிசியைக் கழுவி, தண்ணீர் கொதித்ததும் போடவும். கொதி வந்தபின் நெருப்பைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் இடையிடையே துழாவவும். அரிசி வெடித்து, மலர்ந்து, நீரோடு கரையத் தொடங்க 40 நிமிடம் வரை ஆகும். தண்ணீர் வற்றினால் கொதிநீர் விடவும். கடைசியில் உப்பைப் போட்டு இறக்கவும். கஞ்சி கரண்டியிலிருந்து ஒழுகும் பதத்தில் இருக்க வேண்டும். ஆறினால் இறுகிவிடும் என்பதால் சூட்டோடு சிரட்டையிலோ குவளையிலோ ஊற்றிக் கொடுப்பது வழக்கம்.

இப்போது சிலர் தேங்காய்ப்பால் விடுகிறார்கள். தேங்காய் அகப்பட்ட நாட்களில் அங்கேயும் பால் விட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் வெறும் உப்புக் கஞ்சிதான். ருசிக்காகக் காய்ச்சுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஒரு குவளைக்குத் தடை

மே 12 முதல் 18 வரையான நினைவேந்தல் வாரத்தில் கோவில் முன்றல்களிலும் சந்திகளிலும் பல்கலைக்கழக வாசல்களிலும் கஞ்சி வழங்கப்படுகிறது. 2024 இல் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் கஞ்சி வழங்கியதற்காக 3 பெண்கள் உட்பட 4 பேர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். தடையுத்தரவுக்குச் சொல்லப்பட்ட காரணம் பொதுச் சுகாதாரம். சில நாட்களின் பின் பிணை கிடைத்தது.

நினைவுத்தூபியை இடிக்கலாம், விளக்கை அணைக்கலாம். கஞ்சிக்கு வேண்டியது ஒரு சுண்டு அரிசியும் ஓர் அடுப்பும் மட்டுமே. பொது இடத்துக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே காய்ச்சுகிறார்கள். 2009 க்குப் பின் பிறந்த பிள்ளைகள் முதல் வாயிலேயே கேட்பது, இதில் ஏன் ஒன்றுமே இல்லை என்பதைத்தான். பெரியவர்கள் சொல்லத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.