எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது? சீனன்குடாவின் இன்னொரு வரலாறு

சீனன்குடா எண்டதும் எங்களுக்கு எண்ணெய்க் குதங்கள் ஞாபகம் வரும். இல்லாட்டி 1942 ஏப்ரல் 9, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாள். அன்று ஹரிக்கேன் விமானங்கள் எழும்பிய தளத்தில்தான் இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக்கல்லூரி இருக்கிறது. சண்டை பிடித்த விமானிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பறக்கப் பழகியவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

1951இல் விமானப்படை தொடங்கியபோது பயிற்சிக்கு வந்தது சிப்மங்க், 145 குதிரைவலு. பின்னர் வந்த சீனத் தயாரிப்பான பிடி-6க்கு 285 குதிரைவலு. வலு கூடியது, ஆனால் எஞ்சின் அப்பவும் ஒன்று, இப்பவும் ஒன்றுதான்.

அது நின்றால் விமானம் கல்லு மாதிரி விழாது. செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் 1,000 அடியிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிப் போகும். முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். அடுத்தது, இறங்க ஒரு வெளி. அதன்பிறகுதான் எரிபொருள் வால்வையும் காபரேட்டர் சூட்டையும் பார்ப்பது. எங்கட வெக்கையிலும் காபரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும்: எரிபொருள் ஆவியாகிக் குளிரும்போது கடற்காற்றின் ஈரம் உறைந்துவிடும்.

புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றால் நிலைமை மோசம். உயரம் இல்லை, யோசிக்க நேரமும் இல்லை. ஓடுபாதைக்குத் திரும்பத்தான் மனம் சொல்லும். தாழ்வாகப் பறக்கையில் அப்படித் திரும்பி, வேகம் இழந்து விழுந்தவர்கள் உலகெங்கும் பலர். அதனால் 'நேரே முன்னால் இறங்கு' எண்டு பழக்குகிறார்கள். சீனன்குடாவைச் சுற்றி இருப்பதோ குடாக்கடல், காடு, குதங்கள். தம்பலகாமத்து வயல்கள் வெளிதான், மாரியில் அதுவும் சேறு.

2020 டிசம்பர் 15இல் இங்கிருந்து தனியே பறந்த பயிலுனர் விமானி ஒருவர் கந்தளாயில் விபத்தில் இறந்தார். 2023 ஆகஸ்ட் 7இல் புறப்பட்ட சற்று நேரத்தில் பிடி-6 ஒன்று விழுந்து, இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். காரணங்களை நாங்கள் ஊகிக்கப் போவதில்லை.

விமானப்படை தொடங்கிய அதே 1951இல்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விபத்து விசாரணைக்கான 13ஆம் இணைப்பை ஏற்றது. விசாரணை பழி போடுவதற்கு இல்லை, அடுத்த விபத்தைத் தடுப்பதற்கு என்பதே அதன் அடிப்படை. இராணுவ விமானங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் நியாயம் பயிற்சி விமானத்துக்கும் பொருந்தும்தானே? அந்த விமானத்தில் இருப்பதும் எங்கட வயதுக்காரர்தான்.