1983 கார்வெட் எங்கே போனது? மாடல் வருடங்களைப் படிக்கும் கலை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்றொரு ஊர். ஷெவர்லே கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1981 முதல் அங்கேதான் தயாராகிறது. அந்த ஊரிலேயே கார்வெட்டுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு 1983 மாடல் கார்வெட் நிற்கிறது. உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். 1983 மாடல் என்று 43 வண்டிகளைச் சோதனைக்காகச் செய்தார்கள். ஒன்றைக்கூட விற்கவில்லை. இந்த ஒன்றைத் தவிர மற்றவற்றை அழித்துவிட்டார்கள். 1953-லிருந்து வரும் கார்வெட் வரிசையில் 1983 மட்டும் பொக்கைப் பல் மாதிரி காலியாக இருக்கிறது.

காரணம் எளிமையானது. முற்றிலும் புதிதாக வடிவமைத்த நான்காம் தலைமுறை கார்வெட் (ரசிகர்கள் மொழியில் சி4) 1983 மாடலாக வந்திருக்க வேண்டியது. வேலை தாமதமாகி, தயாரிப்பு 1983 ஜனவரியில்தான் தொடங்கியது. பேசாமல் அதை 1984 மாடல் என்றே விற்றுவிட்டார்கள். ஏமாற்று வேலை இல்லீங்க, சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. அமெரிக்க விதிப்படி ஒரு மாடல் வருடம் என்பது அந்த வருடத்தின் ஜனவரி 1-ஐ உள்ளடக்கிய தயாரிப்புக் காலம். 1984 ஜனவரி 1 அதற்குள் வந்துவிட்டால் போதும், தயாரிப்பு ஒரு வருடம் முன்னதாகவே தொடங்கியிருக்கலாம். அதனால் அந்த ஒரு மாடல் வருடம் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டி நீண்டது. 51,547 வண்டிகள் செய்தார்கள்.

நான் இதற்குள் போனதற்குக் காரணம் கல்லூரி நண்பன் ஒருவன். டெக்சாஸில் இருக்கிறான். பழைய சி4 ஒன்று வாங்கவேண்டும் என்பது பல வருட ஆசை. “84-லேர்ந்து 96 வரைக்கும் எல்லாம் ஒரே கார் மாதிரிதான்டா இருக்கு. எந்த வருஷம் வாங்கட்டும்? வீட்டுல ஒரு தடவைதான் சம்மதிப்பாங்க, தப்பா வாங்கிட்டா அவ்வளவுதான்” என்றான். கார் ஓட்டுவதில் நான் சாதாரண ஆள். ஆனால் ஒரு மென்பொருளின் வெர்ஷன் 4.1-க்கும் 4.2-க்கும் என்ன வித்தியாசம் என்று தோண்டுவது என் தொழில். இதையும் அப்படியே தோண்டினேன்.

வருடம் என்பதே ஒரு விற்பனை உத்தி

ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை விற்றது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்தார்கள். உள்ளே சின்னச்சின்ன மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தாலும், “இது எந்த வருஷ மாடல்?” என்பது அந்தக் காருக்குப் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ஆல்ஃப்ரட் ஸ்லோன்தான் அதைப் பெரிய கேள்வி ஆக்கியவர். விலையில் ஃபோர்டோடு மோதி ஜெயிக்க முடியாது. அதனால் வருடா வருடம் காரின் தோற்றத்தை மாற்றினார். போன வருட வண்டியை வைத்திருப்பவருக்கு அது பழசாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இதற்கென்றே 1927-ல் ஹார்லி ஏர்ல் தலைமையில் தனி வடிவமைப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னாளில் கார்வெட் என்ற யோசனையைக் கொண்டுவந்தவரும் இதே ஹார்லி ஏர்ல்தான்.

ஆக, மாடல் வருடம் என்ற எண் பிறந்ததே உங்களைப் புதுசு வாங்கவைக்க. பழசு வாங்கப்போகும் ஒருவர் அதை அப்படியே தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு வருடங்களை ஒப்பிடும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி: இந்த வருடம் காரில் கை வைத்தது யார்? விற்பனைக்காரரா, சட்டமா, என்ஜினியரா? கார்வெட் வரலாற்றில் மூன்று கைகளையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது.

என்ஜினியரின் கை: 1955

1953-ல் நியூயார்க் கண்காட்சியில் காட்டிய அதே வருடம் கார்வெட் விற்பனைக்கு வந்தது. 300 வண்டிகள், எல்லாமே வெள்ளை. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன் என்ஜின், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். 1954-ல் 3,640 செய்து, நிறைய வண்டிகள் விற்காமல் தேங்கின. 1955-ல் செய்தது 700 மட்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1955 படுதோல்வி. ஆனால் 195 குதிரைத்திறன் வி8 என்ஜின் வந்தது அந்த வருடம்தான். கார்வெட் நிஜமாகவே ஸ்போர்ட்ஸ் கார் ஆனது அப்போதுதான். குறைவாக விற்ற வருடம் மோசமான வருடம் என்று அர்த்தமில்லை.

விற்பனைக்காரரின் கை: 1963

1963 கூபே மாடலின் பின்கண்ணாடி நடுவில் ஒரு பட்டை ஓடி, கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும். வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு அது உயிர். என்ஜினியர் ஜோரா ஆர்கஸ்-டண்டோவுக்கு அது எரிச்சல், பின்னால் வரும் வண்டி தெரியாதே! 1964-லேயே பட்டையை எடுத்துவிட்டார்கள். 1963 வைத்திருந்த சிலர், வண்டி புதுசாகத் தெரியட்டும் என்று பட்டையை வெட்டி எடுத்து 1964 கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடுவது அந்தப் பட்டையைத்தான்.

1965-ல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. ஓட்டுவதற்கு என்றால் 1963-ஐவிட 1965 மேல். சேகரிப்பதற்கு என்றால் பலருக்கு 1963. “எந்த வருஷம் நல்ல வருஷம்?” என்ற கேள்விக்கு, வாங்குபவர் யார் என்று தெரியாமல் பதிலே கிடையாது.

சட்டத்தின் கை: 1972

இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1971 கார்வெட்டின் அடிப்படை என்ஜின் 270 குதிரைத்திறன். 1972-ல் அதுவே 200. ஒரே வருடத்தில் 70 குதிரைகள் எங்கே ஓடின?

பெரும்பாலானவை எங்கேயும் ஓடவில்லை. அளக்கும் முறை மாறிவிட்டது. அதுவரை என்ஜினைத் தனியாக மேசையில் ஏற்றி, காரின் ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். அது மொத்த அளவு. 1972 முதல், காரில் இருப்பதுபோல எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். அது நிகர அளவு. 1971 என்ஜினுக்கே நிகர அளவு 210தான். அதாவது உண்மையான இழப்பு 10. டேட்டாபேஸில் ஒரு பத்தியின் அலகை மாற்றிவிட்டு யாருக்கும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இன்றும் பல ஒப்பீட்டு அட்டவணைகளில் நடக்கிறது.

ஆனால் அதற்கு முன்பும் பின்பும் நடந்த இழப்புகள் நிஜம். ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தயாராக 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் என்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1975-ல் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அந்த வருட அடிப்படை என்ஜின் 165 குதிரைத்திறன்தான். பழைய எண்களை ஒப்பிடும்போது, 1972-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முதலில் பாருங்கள்.

இனி நண்பனின் கேள்விக்கு

சி4 பதின்மூன்று மாடல் வருடங்கள் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கார். உள்ளே அப்படி இல்லை.

1984: முதல் வெர்ஷன். 205 குதிரைத்திறன். சஸ்பென்ஷன் கல் மாதிரி இறுக்கம். திருப்பங்களில் அபாரம், மேடுபள்ளத்தில் முதுகு போய்விடும்.

1985: எரிபொருள் செலுத்தும் அமைப்பை மாற்றினார்கள். 230 குதிரைத்திறன் ஆனது. ஸ்பிரிங்குகளை இளக்கினார்கள். முதல் வருடத்துப் புகார்களுக்கான பதில் இது.

1986: ஏபிஎஸ் பிரேக் வந்தது. 1975-க்குப் பிறகு திறந்த கூரை மாடலும் திரும்பி வந்தது.

1989: கையால் மாற்றும் கியர் வேண்டுமென்றால் இது முக்கியமான எல்லை. அதற்கு முன்பு இருந்தது, நான்கு கியரோடு ஓவர்டிரைவைச் சேர்த்த ஒரு சிக்கலான அமைப்பு. இந்த வருடம் இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் பெட்டி வந்தது.

1990: ஓட்டுநருக்கு ஏர்பேக், புதிய டாஷ்போர்டு. லோட்டஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த என்ஜினுடன் 375 குதிரைத்திறன் இசட்ஆர்-1 என்ற தனி ரகமும் அதே வருடம் வந்தது. அந்த என்ஜினைச் செய்தது படகு என்ஜினுக்குப் பேர்போன மெர்க்குரி மரீன். சாதாரண கார்வெட்டோடு பொருந்தாத பாகங்கள் அதில் ஏராளம். பட்ஜெட்காரர்கள் தள்ளி நின்று ரசிக்கலாம்.

1992: எல்டி1 என்ற புதிய என்ஜின், 300 குதிரைத்திறன். முந்தைய வருடம் 245. இது மெய்யான தாவல், அளவீட்டு மாயை இல்லை. ஆனால் ஒரு விலை உண்டு. மின்பொறி கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை என்ஜினின் முன்பக்கம், தண்ணீர் பம்புக்குக் கீழே வைத்தார்கள். பம்பு கசிந்தால் தண்ணீர் நேராக அதன் தலையில். அதற்கு ஈரம் ஆகவே ஆகாது. 1995-ல் அதற்குக் காற்றோட்டம் கொடுத்து ஓரளவு சரிசெய்தார்கள்.

1996: கடைசி வருடம். கோளாறுகளைக் கணினி மூலம் படிக்கும் ஓபிடி-2 அமைப்பு அந்த வருடம் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. மலிவான ஒரு கருவியைச் செருகினால் கார் தன் நோயைத் தானே சொல்லும். கையால் மாற்றும் கியர் வண்டிகளுக்கு 330 குதிரைத்திறன் எல்டி4 என்ஜினும் வந்தது. கிராண்ட் ஸ்போர்ட் என்ற சிறப்புப் பதிப்பு 1,000 மட்டும். அதன் விலையில் ஒரு பங்கு அந்த நீல வண்ணத்துக்கும் வெள்ளைப் பட்டைக்கும் போகிறது. விற்பனைக்காரரின் கை மறுபடி!

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது யாரும் பெரிதாகக் கொண்டாடாத ஒரு வருடம் மேலே வந்தது: 1991. அந்த வருடம்தான் முன்னும் பின்னும் தோற்றத்தை மாற்றினார்கள், பார்க்கக் கடைசி வருட வண்டிகளைப் போலவே இருக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், ஆறு கியர் எல்லாம் வந்துவிட்டன. என்ஜின் மட்டும் 1985-லிருந்து திருத்தித் திருத்திப் பழகிய பழைய என்ஜின். தண்ணீர்த் தொல்லை இல்லாத பழைய பாணி டிஸ்ட்ரிபியூட்டர். 55 குதிரைகள் குறைவு, தலைவலியும் குறைவு. எங்கள் தொழிலில், பெரிய மாற்றத்துக்கு முந்தைய கடைசி வெர்ஷனைத்தான் அனுபவசாலிகள் சர்வரில் ஏற்றுவார்கள். அதே புத்திதான் இங்கேயும். வேகம்தான் முக்கியம் என்பவருக்கு 1995 அல்லது 1996.

எண்ணுக்குப் பின்னால் இருப்பவை

விளம்பரத்தில் போட்டிருக்கும் வருடத்தை நம்பவேண்டாம். 1981 மாடலிலிருந்து அமெரிக்க வண்டிகளுக்கு 17 இலக்க அடையாள எண் உண்டு. அதில் பத்தாவது இடம் மாடல் வருடம்: ‘இ’ என்றால் 1984, ‘எம்’ என்றால் 1991, ‘ஆர்’ என்றால் 1994. கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் சான்று வில்லையில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கும். இரண்டையும் பாருங்கள், ஏனென்றால் சில மாற்றங்கள் வருடத்தின் நடுவில் வரும். 1986-ல் அலுமினிய சிலிண்டர் ஹெட் வந்தது அப்படித்தான். ஒரே வருடத்து இரண்டு வண்டிகள் ஒன்றாக இருக்காது.

கடைசியாக ஒன்று. மாடல் வருடம் சொல்வது, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தது என்பதை மட்டும். அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் அதன் வரலாற்றை எழுதியவர்கள் அதன் சொந்தக்காரர்கள். குளிரூட்டும் நீரை ஒழுங்காக மாற்றியவர்களும் உண்டு, மாற்றாதவர்களும் உண்டு. அந்த வரலாறு பராமரிப்பு ரசீதுகளில் இருக்கிறது. ரசீதுக் கட்டோடு நிற்கும் 1985, ரசீதே இல்லாத 1996-ஐவிட மேல் என்பது என் கருத்து. எந்த வருடம் என்று தீர்மானிக்க ஒரு வாரம் படியுங்கள், தப்பில்லை. தீர்மானித்த பிறகு, அந்த வருடத்து வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். நண்பனுக்கும் இதைத்தான் எழுதி அனுப்பினேன்.