கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள்: பெயர் விவாதம்

இவை மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் அரசு நடத்தும் பள்ளிகள். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்த காலத்தில் தோன்றியவை. மக்கள் அந்தச் சட்டத்தை ‘ரேகைச் சட்டம்’ என்றனர்: ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் கிராமத்தில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீங்கியது; பள்ளிகள் நிலைத்தன. இன்று தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இவற்றில் படிக்கிறார்கள்.

2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வெட்டிய பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சாதி காட்டும் கயிறுகள் மாணவர் கையில் கூடாது என்றது. இந்தப் பள்ளிகளிலிருந்து ‘கள்ளர்’ என்ற பெயரை எடுத்தால் போராட்ட வரலாறும் அழியும் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த வலி உண்மையானது. ஆனால் ஆங்கிலேயரால் ஒடுக்கப்பட்ட அதே சமூகம், ஊருக்குள் தலித்துகளுக்கு மேலே நிற்பதும் உண்மை. முதலாவதை மேடையில் பேசுகிறோம். இரண்டாவதையும் அதே மேடையில், தலித்துகள் எதிரில் அமர்ந்திருக்கும்போதே பேச வேண்டும்.